அம்பதுலதானுங்க வந்தேன்!

சேலத்திலிருந்து நான்கு வழிச் சாலையில் வந்து, பெருந்துறையில் இறங்கி, சென்னிமலை ரோட்டைப் பிடித்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். வேப்பமரத்தடியில் நின்ற போலீஸ்காரர் கை காட்டினார். பெல்ட் போட்டிருந்தேன், லைசென்ஸும் இன்சூரன்ஸும் கையில் இருந்தன. தைரியமாகவே கண்ணாடியை இறக்கினேன்.

“நாப்பது போர்டைப் பாத்தீங்களாங்க?”

“பாத்தனுங்க. நான் அம்பதுலதானுங்க வந்தேன்.”

அவர் சிரித்துவிட்டார். “நிறுத்தற எல்லாரும் அம்பதுன்னுதானுங்க சொல்றாங்க” என்றபடி கையிலிருந்த ஸ்பீடு கன்னைத் திருப்பிக் காட்டினார். சின்னத் திரையில் இரண்டு எண்கள். மேலே 68. கீழே 204 மீட்டர். அவர் என் கண்ணில் படுவதற்கு முன்பே என் வேகம் அவர் கையில் இருந்திருக்கிறது.

ஆயிரம் ரூபாய் போனது போகட்டும். நான் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். ஐம்பதில் வருவதாகத்தான் மனதார நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேகத்தை அளக்கும் உறுப்பு எதுவும் நம் உடம்பில் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, வேகம் மாறுவதை மட்டும்தான் உணரும். பஸ் கிளம்பும்போது முதுகு சீட்டில் அழுந்துவதும், பிரேக் போட்டால் முன்னால் சாய்வதும் தெரியும். ஒரே சீராக ஓடும்போது 40-ம் ஒன்றுதான், 100-ம் ஒன்றுதான். மிச்சம் இருப்பது கண்ணும் காதும். ஓரக்கண்ணில் மரமும் மைல்கல்லும் பின்னால் ஓடுவதையும், காற்றும் டயரும் போடும் இரைச்சலையும் வைத்து மூளை ஒரு குத்துமதிப்பு போடுகிறது.

அந்தக் குத்துமதிப்பு பழக்கத்துக்கு அடிமை. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்து, பிறகு வெதுவெதுப்பான நீரில் விட்டால் சில்லென்று இருக்குமே, அதே கதை. ஒரு மணி நேரம் 95-லும் 100-லும் ஓட்டிவிட்டு இறங்கினால் 68 என்பது மாட்டுவண்டி போல ஊர்கிறது. போதாததற்கு ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றியிருந்தேன், காதுக்கும் வேலை இல்லை. நம் பக்கத்துச் சாலைகளில் முன்பெல்லாம் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நெருக்கி நிற்கும். அறுபதைத் தொட்டாலே மரங்கள் விர்விர்ரென்று பறக்கும். பல இடங்களில் அகலப்படுத்துவதற்காக அவற்றை வெட்டிவிட்டார்கள். ரோடு அகலமானது, ஓரக்கண்ணுக்குக் கிடைத்த துப்பு போய்விட்டது.

அதற்குத்தானே மீட்டர் இருக்கிறது என்பீர்கள். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்த்திருந்தால் 68-க்கும் கூடுதலாகவே காட்டியிருக்கும். வண்டி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் தூக்கியே வைக்கிறார்கள். மீட்டரில் 60 இருக்கும்போது போனில் உள்ள ஜிபிஎஸ் 56, 57 என்று காட்டுவது அதனால்தான்.

சரி, அந்தத் துப்பாக்கிக்கு எப்படித் தெரிந்தது?

அது சுடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளியை. மிகக் குட்டியான துடிப்புகளாக, விநாடிக்கு நூற்றுக்கணக்கில் போகும். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 204 மீட்டர் தள்ளியிருந்த என் காரின் நம்பர் பிளேட்டில் பட்டுத் திரும்ப அதற்குத் தேவைப்பட்டது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒன்றே கால் பங்குக்குச் சற்று அதிகம். போய்வந்த நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். அடுத்தடுத்த துடிப்புகளில் தூரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். 68-ல் வரும் கார் மூன்றில் ஒரு விநாடியில் ஆறே கால் மீட்டர் நெருங்கிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் நூறு அளவுகளை எடுத்து, அவை ஒரே நேர்கோட்டில் விழுகின்றனவா என்று கருவி பார்க்கிறது. கை ஆடியோ குறுக்கே மொபெட் புகுந்தோ கோடு குலைந்தால், எண்ணுக்குப் பதில் பிழை என்றுதான் காட்டும்.

லேசர் கதிர் அதிகம் விரியாது. முந்நூறு மீட்டரிலும் ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும். அதனால் ‘பக்கத்தில் போன வண்டிதாங்க வேகமாகப் போச்சு’ என்று வாதாடுவது கஷ்டம்.

பழைய ரேடார் கருவியிடம் அப்படி வாதாட இடம் இருந்தது. அது வேலை செய்யும் விதம் வேறு. அதைப் புரிந்துகொள்ளப் பொள்ளாச்சி ரோட்டில் ஓடும் தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரன் போதும். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி உங்களைத் தாண்டும்போது கவனியுங்கள். நெருங்கும்வரை உச்சத்தில் இருக்கும் சத்தம், தாண்டிய நொடியில் சரிந்து இறங்கும். நெருங்கும்போது ஒலி அலைகள் நெருக்கப்பட்டு அடுத்தடுத்து வேகமாகக் காதை அடைகின்றன, விலகும்போது இடைவெளி கூடுகிறது. 1842-ல் இதைச் சொன்னவர் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியான் டாப்ளர். மூன்று வருஷம் கழித்து நெதர்லாந்தில் இதைச் சோதித்த விதம் ரசமானது. ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றிவிட்டு, தண்டவாளத்து ஓரம் சுருதி ஞானம் உள்ள இசைக்காரர்களை நிறுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று காதாலேயே அளந்தார்கள்.

நாமும் கணக்குப் போடலாம். 70-ல் ஒரு பஸ் தாண்டினால் ஹாரனின் அதிர்வெண் மொத்தம் பதினோரு சதவீதம்போல இறங்கும். நம் சங்கீதக் கணக்கில் அது சதுச்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு, அதாவது ‘ரி’யிலிருந்து ‘ஸ’வுக்கு இறங்குவது, ஒரு முழுச் சுரம். காது நன்றாக உள்ள ஒரு பாட்டு வாத்தியார் ரோட்டோரம் நின்றால் அவரே ஒரு ரேடார்.

ரேடார் ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்புகிறது. ஒரு வகைக் கருவியில் அது விநாடிக்கு ஏறக்குறைய 2,400 கோடி முறை அதிரும். 68-ல் வரும் காரில் பட்டுத் திரும்பும்போது கூடுவது வெறும் 3,000 அதிர்வுதான், 80 லட்சத்தில் ஒரு பங்கு. இதைப் போய் எப்படிக் கண்டுபிடிப்பது? தம்பூரா மீட்டுபவர்களுக்கு விடை தெரியும். இரண்டு தந்திகள் மயிரிழை சுருதி பிசகினால் ‘வ்வோம் வ்வோம்’ என்று ஒரு அலை எழும். பிசகு எவ்வளவோ அவ்வளவு வேகமாக அது விம்மும். அனுப்பிய அலையையும் திரும்பிய அலையையும் ரேடார் கலந்துவிடுகிறது, 3,000 அதிர்வு விம்மலாக வெளியே வருகிறது. ஒலிபெருக்கியில் கொடுத்தால் விசிலாகவே கேட்கலாம்.

குறை என்னவென்றால் ரேடார் கதிர் டார்ச் வெளிச்சம் மாதிரி விரியும். நூறு மீட்டரில் இருபது மீட்டர் அகலமாகிவிடும். அதற்குள் ஒரு ஸ்கூட்டியும் ஒரு லாரியும் இருந்தால், பெரிய தகடுள்ள லாரியின் எதிரொலிதான் ஓங்கி நிற்கும். இன்னொன்று, ரோட்டோரத்தில் நின்று சாய்வாகக் குறிவைத்தால் லேசரும் சரி ரேடாரும் சரி, உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். இருபது டிகிரி சாய்வில் 60-ல் போனவருக்கு 56 வரும். எந்திரமும் ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

கம்பத்தில் நிற்கும் கேமராக்களில் எனக்குப் பிடித்தது சராசரி வேகத்தைப் பார்ப்பவை. பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமரா. நம்பர் பிளேட்டைப் படித்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளும். வரம்பு 80 என்றால் ஏழரை நிமிடம் ஆக வேண்டும். ஆறு நிமிடத்தில் வந்துவிட்டால் சராசரி 100. கேமராவைக் கண்டதும் பிரேக் மிதிக்கும் சாமர்த்தியம் இங்கே எடுபடாது. நடுவில் நிறுத்தி ஒரு டீ குடித்தால் தப்பிக்கலாம், ஆனால் பறந்து பிடித்த நேரம் டீயிலேயே போய்விடும்.

இந்தக் கருவிகளுக்கும் சட்டம் உண்டு. 2021-ல் வந்த விதிப்படி, தானாகப் பதிவுசெய்யும் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்று வேண்டும், அது இருக்கும் சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். வேக வரம்புக்கு உச்சம் வைப்பது மத்திய அரசு. 2018-ல் வந்த அறிவிப்பு காருக்கு நான்கு வழிச் சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70 என்று வைத்தது. அதற்குக் கீழே இறக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அப்படி வந்ததுதான் ஊர்முகப்பில் நிற்கும் 40.

ஏன் நாற்பது? வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பனியன் கம்பெனி வேனிலிருந்து இறங்கும் ஒரு பெண், 22 மீட்டர் முன்னால், ரோட்டைக் கடக்கக் கால் வைக்கிறார். நான் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி. நல்ல தார் ரோட்டில் பிரேக் விநாடிக்கு 21, 22 கிலோமீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

40-ல் வந்தால், அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடி, பிரேக்கில் இன்னொரு 10 மீட்டர் தேய்ந்து, அவருக்கு ஒரு முழம் முன்னால் கார் நிற்கிறது. திட்டு விழும், அவ்வளவுதான். 50-ல் வந்தால் அதே இடத்தில் 35-ல் மோதுகிறது. பத்து கூட்டினேன், மோதல் முப்பத்தைந்தில்! இங்கேதான் பேனாவை வைத்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது. வேகம் கூடும்போது யோசிக்கும் தூரமும் கூடுகிறது, பிரேக் தூரமோ வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. மிச்ச வேகமெல்லாம் கடைசி சில மீட்டர்களில்தான் கரைய வேண்டும், அந்தச் சில மீட்டர்தான் இல்லை. 68-ல்? யோசிக்கும் விநாடியிலேயே 19 மீட்டர் போய்விடும். மிச்சம் மூன்று மீட்டர். மோதும் வேகம் 64. பிரேக்கில் கால் வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் ஏறினால் உயிர் போகும் விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் ஏறுகிறது.

போலீஸ்காரர் தினமும் வேப்பமரத்தடியில் நிற்க முடியாது. அதனால் நம் ஊர்களில் இன்னொரு வழி வைத்திருக்கிறோம். விபத்து நடந்த மறுநாள் மறியல், அதற்கடுத்த நாள் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டி ஒரு மேடு. இந்தத் திடீர் மேடுகள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் பொறியாளர்கள் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் வேகத்தடைக்கு உருவம் இருக்கிறது. வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 25-ல் போனால் நோகாமல் கடக்கலாம். வளைவின் உச்சியில் சீட்டில் நம் எடை முப்பது சதவீதம்போலக் குறையும், ரங்கராட்டினம் இறங்கும்போது வருமே, அந்தக் கூச்சம். ஸ்பிரிங்கை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 46-ஐத் தாண்டும்போது எடை மொத்தமும் போய் வண்டி ரோட்டை விட்டு எழும்பப் பார்க்கும். வேகமாக வருபவனைத்தான் அது தண்டிக்கிறது.

முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும் மேடு இதற்கு நேர் எதிர். வேகமாகப் போனால் சக்கரம் மட்டும் எகிறி, ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும், காருக்குள் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மெதுவாக ஏறி இறங்கும் டிவிஎஸ் எக்ஸலில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் இடுப்பு ஒடியும். இரவில் வெள்ளைக்கோடு இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பத்து நாள் கழித்து அதே ரோட்டில் திரும்பினேன். போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு 40-லேயே வைத்தேன். கால் கூசியது, நடந்தே போய்விடலாம் போல இருந்தது. ஊர் முகப்பில் இளநீர்க் கடை ஒன்று. நிறுத்தி, ஒன்று வெட்டச் சொல்லிவிட்டு, நாற்பது போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன். சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு பஸ் ஹாரனை அழுத்தியபடி வந்து தாண்டியது. ரிஷபத்தில் வந்து சட்ஜத்தில் போனது. வேப்பமரத்தடியில் அன்றைக்கு யாரும் இல்லை.