உப்புத் தொட்டியும் மலக்கட்டு மருந்தும்

முட்டம் கடற்கரைப் பக்கம் கருவாடு போடும் ஒரு மாமியை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து அவருக்கு மலக்கட்டு. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகும், அதுவும் முக்கி முக்கி. டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார், ராத்திரி 15 மில்லி. மறுநாள் மத்தியானமே மாமி என்னிடம், "ஒரு மூடி குடிச்சேன், ஒண்ணும் ஆகல. இந்த மருந்து கேக்கல மக்களே" என்றார். அப்போதே இரண்டு மூடி, ராத்திரி இன்னும் இரண்டு மூடி. மூன்றாம் நாள் எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டது. வயிற்றுப்போக்கில் ஆள் துவண்டுவிட்டார்.

மருந்தின் மேலும் குற்றமில்லை, மாமியின் மேலும் இல்லை. இது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள், சில பேருக்கு மூன்று நாள்கூட ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஏன் அத்தனை நேரம்? லாக்டுலோஸும் ஒரு சர்க்கரைதான். பாலில் இருக்கிற லாக்டோஸை மாற்றிச் செய்வது. ஆனால் இதை வெட்டுகிற நொதி மனிதக் குடலில் கிடையாது. வெட்டுப்படாததால் ரத்தத்தில் சேராமல் சிறுகுடலை அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது நல்ல தீனி. அவை அதை உடைத்து லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளாக்குகின்றன. ஒன்று பலவாகும்போது தண்ணீரை இழுக்கும் சக்தியும் கூடுகிறது.

இந்த இழுப்பை மாமிக்கு விளக்க நான் வேறெங்கும் போகவில்லை. தொட்டியில் மீனை அடுக்கி உப்பைத் தூவி மூடி வைத்தால், மறுநாள் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். யாரும் ஊற்றிய தண்ணீர் இல்லை அது, மீனின் சதைக்குள் இருந்தது. கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதுதான். குடலுக்குள் சிரப் உப்பின் இடத்தில் இருக்கிறது. மீனின் இடத்தில் இருப்பது நம் உடம்பு.

ஒரு நாளைக்கு நாம் குடிப்பதும் உமிழ்நீர், பித்தநீர் போல உடம்பே சுரப்பதும் சேர்த்து 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். பெருங்குடலுக்கு எட்டுவது ஒன்று, ஒன்றரை லிட்டர். அதையும் அது உறிஞ்சி, கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100, 150 மில்லி மட்டுமே. மலம் மெதுவாக நகர்ந்தால் உறிஞ்ச நேரம் கூடுகிறது, உள்ளே இருப்பது காய்ந்து கட்டியாகிறது. சிரப் செய்வது, கொஞ்சம் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைப்பது. அதற்கு முதலில் பெருங்குடல் வரை போக வேண்டும், பாக்டீரியா உடைக்க வேண்டும், முன்னால் அடைத்து நிற்கும் பழைய கட்டி இளகி நகர வேண்டும். ஒரே ராத்திரியில் இது நடக்காது.

பாக்டீரியா வேலை செய்யும்போது வாயுவும் வரும். முதல் சில நாள் வயிறு உப்பி இரைவது இதனால்தான், பெரும்பாலும் தானே குறையும்.

சரி, எவ்வளவு குடிப்பது? பெரியவர்களுக்கு வழக்கமாக நாளைக்கு 15 முதல் 30 மில்லியில் தொடங்குவார்கள். பாட்டிலோடு வரும் அளவு மூடியில் கோடு பார்த்து ஊற்றுங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். தண்ணீரிலோ பாலிலோ கலக்கலாம். இரண்டு மூன்று நாள் ஒரே அளவில் பொறுத்திருந்து, அப்புறம் டாக்டரிடம் கேட்டுக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பேதியானால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். போகிற தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு அது ஆபத்து. குழந்தைக்கு டாக்டர் சொன்ன அளவு மட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கும் அளவைப் பார்த்துக் குடிக்காதீர்கள். கல்லீரல் கெட்டு மனம் குழம்பும் நோயாளிகளுக்கும் இதே சிரப்பைத்தான் கொடுக்கிறார்கள், ஒரு நாளில் பல வேளை. குடலில் உண்டாகும் அமிலம், இவர்களின் மனதைக் குழப்பும் அம்மோனியாவை அங்கேயே பிடித்து வைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. அவர்களுக்கு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போவதுதான் இலக்கு. அந்த அளவை வீட்டில் யாரும் தாமாகக் குறைக்கவும் கூடாது.

கடையில் "வயிறு போக ஒரு சிரப்" என்று கேட்டால் வேறொன்றும் கைக்கு வரும். குடலைத் தூண்டிவிடும் பிகோசல்பேட் இருக்கலாம், எண்ணெய் போன்ற லிக்விட் பாரஃபின் இருக்கலாம். பாரஃபினைப் படுத்தபடி குடித்தால் நுரையீரலுக்குள் போகக்கூடும். அதனால் பாட்டிலில் லாக்டுலோஸ் என்ற பெயரைப் பார்த்து வாங்குங்கள். இதில் மற்ற சர்க்கரைகளும் கொஞ்சம் கலந்திருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறை உள்ளவர்கள் தொடவே கூடாது.

வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, நடுவயதுக்குமேல் திடீரென்று மாறிய வழக்கம், இவற்றையும் சிரப்பால் மூடி மறைக்கக் கூடாது.

மாமியின் சாப்பாட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீனும்தான் அதிகம். பயறும் கஞ்சியும், முருங்கைக்கீரை துவரனும் சேர்க்கச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். தண்ணீர் விஷயத்தில்தான் மடக்கிவிட்டார். விடியக் கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவார். அங்கே பெண்கள் ஒதுங்க ஒழுங்கான இடம் இல்லை. அதனால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார், வந்தாலும் அடக்கிக்கொள்கிறார். இழுப்பதற்கு உடம்பில் தண்ணீரே இல்லாதவருக்கு, தண்ணீரை இழுக்கும் மருந்து. இப்போது வீடு திரும்பியதும் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு குடிக்கிறார். காலைக் குடிநீருக்கு என்ன வழி என்று அவர் கேட்டார். சந்தைக்கு ஒரு கழிப்பறை கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.