லைசென்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தீர்களா?

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. நாங்கள் செய்து கொடுத்த பில்லிங் மென்பொருளை வைத்துத் தொழில் நடத்தும் கிளையன்ட் ஒருவரிடம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முதலீடு செய்ய வந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு அவர்களுடைய வக்கீல், மென்பொருளில் இருக்கும் எல்லா ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ்களின் (மற்றவர்கள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்புகளின்) பட்டியலும், என்ன நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஒவ்வொன்றின் லைசென்ஸும் வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினார். நாங்களாகத் தேர்ந்தெடுத்துப் போட்டவை நாற்பது சொச்சம். அவை தம்மோடு இழுத்து வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டியது.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி என்று அதிகம் கட்டுப்படுத்தாத லைசென்ஸ்களாகவே பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரியில் ஏஜிபிஎல் 3 என்ற கறாரான லைசென்ஸ். பில்லை பிடிஎஃப் ஆக்கித் தரும் லைப்ரரியின் (நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரலின்) லைசென்ஸ் அது.

அந்த லைப்ரரியில் தமிழ் எழுத்து உடைந்துதான் வரும். ‘கொ’ என்று கொடுத்தால் கொம்பு, ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கொடுமுடி முகவரியோடு ஒரு பில் வந்தால் ஊர்ப்பெயரைப் படிக்கவே முடியாது. எங்கள் டீமில் ஒரு தம்பி ஒரு வாரம் உட்கார்ந்து லைப்ரரியின் சோர்ஸ் கோடையே திருத்தி அதைச் சரிசெய்திருந்தான். அருமையான வேலை. ஆனால் சிக்கல் அங்கேதான் பிடித்தது. திருத்திய மென்பொருளை நெட்வொர்க் வழியாக மற்றவர்கள் பயன்படுத்தும்படி வைத்தால், அவர்களுக்கு அதன் சோர்ஸ் கோடைத் தரவேண்டும் என்கிறது ஏஜிபிஎல்லின் 13ஆவது பிரிவு. சாதாரண ஜிபிஎல் லைசென்ஸில், நகலை வெளியே கொடுக்காமல் சர்வரில் மட்டுமே ஓடும் நிரலுக்கு இந்தக் கடமை கிடையாது. தருவது லைப்ரரியோடு நிற்குமா, அதோடு பிணைந்திருக்கும் மொத்த பில்லிங் கோடையும் தரவேண்டி வருமா என்று வக்கீல் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸும் அந்த லைப்ரரிக்கு உண்டு. விலை கிளையன்ட்டின் கைக்கு எட்டவில்லை. கடைசியில் பில்லை வெறும் எச்டிஎம்எல் பக்கமாக எழுதி, பிரௌசரை நிரலால் இயக்கும் பப்பெட்டியர் மூலம், குரோம் பிரௌசரின் ஓப்பன் சோர்ஸ் அடித்தளமான குரோமியத்தில் திறந்து பிடிஎஃப் எடுக்கும் வழிக்கு மாறினோம். பப்பெட்டியரின் லைசென்ஸ் அப்பாச்சி 2.0. குரோமியத்துக்குள் எழுத்துகளை இடம் பார்த்து அடுக்குவது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி என்பதால் தமிழும் கச்சிதமாக வந்தது. பதினோரு நாள் வேலை, அதுவும் ஒப்பந்தம் கையெழுத்தாகக் காத்திருக்கும் நேரத்தில். அந்த லைசென்ஸ் ஃபைல் முதல் நாளிலிருந்தே ஃபோல்டரில் இருந்தது. பேக்கேஜுக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான். நான் அதைத் திறக்கவில்லை.

எம்ஐடி லைசென்ஸ் இருபது வரிதான். என்ன வேண்டுமானாலும் செய்துகொள், ஆனால் பதிப்புரிமைக் குறிப்பையும் இந்த அனுமதி வாசகத்தையும் கூடவே வை என்கிறது. இந்தச் சின்ன நிபந்தனையைக்கூடப் பலர் காப்பாற்றுவதில்லை. வெளியிடுவதற்காக நிரல்களை ஒன்றாகக் கட்டும்போது (பில்டு), அதைச் செய்யும் வெப்பேக் என்ற கருவி, லைசென்ஸ் குறிப்புகளைத் தனி டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து வைக்கும். ‘இது எதுக்கு, குப்பை’ என்று அதை அழித்துவிட்டு டெப்ளாய் செய்வதை (சர்வரில் ஏற்றுவதை) எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அழிக்காதீர்கள். அப்புறம், கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது என்பதால் ஒரு கோடை எடுத்துப் போட்டுவிட முடியாது. லைசென்ஸே இல்லாத ரிப்போவில் (கோடு வைத்திருக்கும் கிடங்கில்) எல்லா உரிமையும் எழுதியவருக்குத்தான்.

ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. வலைப்பக்கத்தில் எழுத உதவும் டைனிஎம்சிஇ எடிட்டரின் 6ஆவது வெர்ஷன் எம்ஐடி. 2024இல் வந்த 7ஆவது, ஜிபிஎல். எடிட்டர் ஓடுவது பயனரின் பிரௌசரில். அதாவது அதன் நகல் ஒவ்வொரு பயனரின் கைக்கும் போகிறது. ‘சர்வரில்தானே இருக்கிறது’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

வலைப்பக்கத் திரைகளைக் கட்ட ஃபேஸ்புக் உருவாக்கிய ரியாக்ட் லைப்ரரி விஷயத்தில் 2017இல் நடந்ததை இன்று வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதில்லை. 2014 முதல் ரியாக்ட்டின் பிஎஸ்டி லைசென்ஸோடு காப்புரிமை பற்றிய ஒரு தனி ஃபைலும் சேர்ந்து வந்தது. ஃபேஸ்புக் மீது நீங்கள் காப்புரிமை வழக்குத் தொடுத்தால், ரியாக்ட்டுக்காக அவர்கள் உங்களுக்குக் கொடுத்த காப்புரிமை அனுமதி ரத்தாகும் என்பது அதன் சாரம். 2017 ஜூலையில், பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை, தன் திட்டங்களில் இந்த லைசென்ஸ் கூடாது என்றது. ஆகஸ்டில் ஃபேஸ்புக் மாற்ற மறுத்தது. செப்டம்பர் 14 அன்று, வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ரியாக்ட்டை விட்டு விலகும் என்று, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் எழுதினார். அடுத்த எட்டாவது நாள் ஃபேஸ்புக் இறங்கி வந்து எம்ஐடிக்கு மாறுவதாக அறிவித்தது. செப்டம்பர் 26இல் ரியாக்ட் 16 எம்ஐடி லைசென்ஸோடு வெளியானது. ஃபோல்டரில் கிடந்த அந்த ஒரு ஃபைலைப் பலர் உட்கார்ந்து படித்ததால்தான், இன்று நாம் எந்த யோசனையும் இல்லாமல் ரியாக்ட்டை நிறுவுகிறோம்.

சரி, லைசென்ஸ் நன்றாக இருக்கிறது. பின்னால் ஆள் இருக்கிறார்களா? இதை நான் இன்னும் பெரிய கேள்வியாக நினைக்கிறேன். ரியாக்ட் போன்ற வேலைக்கே பயன்படும் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 டிசம்பர் 31ஓடு ஆதரவு முடிந்தது. அதே வகையைச் சேர்ந்த வியூ 2க்கு 2023 டிசம்பர் 31. இரண்டும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட தேதிகள். அப்படிச் சொல்லிவிட்டு நிறுத்துவதே பெரிய மரியாதை. பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவுக்கு ஓர் அறக்கட்டளை இருக்கிறது. வரும் பிழை அறிக்கைகளைப் பிரித்துப் பார்க்கவும் பாதுகாப்புத் திருத்தங்களைக் கவனிக்கவும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது. எல்லாத் திட்டங்களுக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை, அதற்குமேல் பராமரிக்க விருப்பமில்லாத மெயின்டெய்னர், உதவுகிறேன் என்று வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் வாலட் ஒன்றைக் குறிவைத்துத் திருட்டு நிரலை அதில் சேர்த்துவிட்டார். லைசென்ஸ் எம்ஐடிதான். அது எப்படிக் காப்பாற்றும்?

அதனால் இப்போது புதிதாக ஒரு பேக்கேஜ் வேண்டும் என்று யாராவது வந்தால், பிடித்தவர்கள் கிட்ஹப்பில் போடும் ஸ்டார் எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. பிழைகளைப் புகாராகப் பதியும் இஷ்யூ பக்கத்தில் மூடப்பட்டவற்றைத் திறந்து, கடைசி பத்துக்குப் பதில் எழுதியவர்கள் யார் யார் என்று பார்க்கச் சொல்வேன். பத்திலும் ஒரே பெயர் என்றால் யோசிப்போம். பெயரே இல்லை என்றால் வேறு தேடுவோம்.

அந்த பிடிஎஃப் பிரச்சினைக்கு மாற்று தேடிய நாட்களில் எம்ஐடி லைசென்ஸ் கொண்ட வேறொரு லைப்ரரியையும் பார்த்தோம். அதிலும் தமிழ் உடைந்துதான் வந்தது. அங்கே ஒரு இஷ்யூ வருடக்கணக்காகத் திறந்தே கிடந்தது. கீழே வரிசையாக ‘எனக்கும் இதே பிரச்சினை’, ‘எப்போது சரியாகும்?’ என்ற வரிகள். பிழையைக் காட்டும் மாதிரிக் கோடு ஒன்றுகூட இல்லை. நாங்கள் டெலிவரி முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, ‘கொ’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் அச்சிடும் எட்டு வரிக் கோடும், லைப்ரரியில் வந்த படமும், பிரௌசரில் வந்த படமும் சேர்த்துப் போட்டோம். நான்காம் நாள் மெயின்டெய்னரிடமிருந்து பதில் வந்தது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, இந்த இரண்டு படங்களில் எது சரியானது என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார்.