வேம்பயர் என்பதற்குக் காட்டேரி சரிதானா?

பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களை மறுபடி படித்தேன். இந்த முறை முதல் அத்தியாயத்திலேயே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பிஸ்ட்ரிட்ஸ் ஊரிலிருந்து ஜோனதன் ஹார்க்கர் டிராகுலா பிரபுவின் கோட்டைக்குக் குதிரை வண்டியில் கிளம்பப் போகிறான். சத்திர வாசலில் கூடியிருக்கும் சனங்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள், சில சொற்கள் மட்டும் திரும்பத் திரும்ப அவன் காதில் விழுகின்றன. அவன் பையிலிருந்து பன்மொழி அகராதியை எடுத்துப் புரட்டுகிறான். 'ஓர்டோக்' சாத்தான், 'போகோல்' நரகம், 'ஸ்ட்ரெகோய்கா' சூனியக்காரி, அப்புறம் 'வ்ரோலோக்', 'வ்ல்கோஸ்லாக்' என்று இரண்டு சொற்கள், ஒன்று ஸ்லோவாக், இன்னொன்று செர்பியம், இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: ஓநாய் மனிதன் அல்லது வேம்பயர், அதாவது இரத்தம் குடிக்க எழுந்துவரும் பிணம். இதைப் பற்றிப் பிரபுவிடம் கேட்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதியும் வைக்கிறான். அந்தப் பிரபுவே ஒரு வேம்பயர் என்று தெரிந்த நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

அவன் அகராதியைப் புரட்டியதால் நானும் புரட்டினேன். வேம்பயர் என்பதற்குத் தமிழில் என்ன? எல்லாரும் சொல்வது 'இரத்தக் காட்டேரி'. கொஞ்சம் இலக்கியமாகச் சொல்கிறவர்கள் 'வேதாளம்' என்பார்கள். இரண்டுமே எனக்கு உறுத்துகிறது.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்துக்கு இது ஜெர்மன், பிரெஞ்சு வழியாக வந்தது, ஊற்று செர்பிய மொழியின் 'வம்பிர்'. ரஷ்ய மொழியில் இதன் உறவுச்சொல் 'உபிர்'. அதற்கும் முந்திய மூலம் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் ஒரு கிராமத்துப் பேச்சுச்சொல் ஐரோப்பா முழுக்கப் பரவிய கதை தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. 1718இல் நடந்த ஒரு உடன்படிக்கையால் வட செர்பியா ஆஸ்திரியர் கைக்குப் போனது. அங்கே போன அதிகாரிகள், செத்தவர்களைத் தோண்டியெடுத்து நெஞ்சில் முளை அடிக்கும் வழக்கத்தைக் கண்டு திகைத்து, அதை அறிக்கையாக எழுதி வியன்னாவுக்கு அனுப்பினார்கள். 1725இல் கிசிலியேவோ கிராமத்தில் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்பவரின் உடல், 1732இல் மெத்வெஜா கிராமத்தைப் பற்றி இராணுவ மருத்துவர் ஃபிளூக்கிங்கர் எழுதிய அறிக்கை, இந்த இரண்டும்தான் முக்கியமானவை. அந்த 1732இலேயே லண்டன் பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது. பேய்க்கதை சொல்கிறவர்கள் பரப்பிய சொல் இல்லை இது, அரசாங்கக் காகிதத்தில் ஏறி ஊர் ஊராகப் போன சொல்.

அந்த அறிக்கைகளில் என்ன இருந்தது? உடல் அழுகவில்லை, உப்பியிருக்கிறது, வாயில் புது இரத்தம், பழைய நகம் உதிர்ந்து புது நகம். இன்றைக்கு இதற்கெல்லாம் விளக்கம் உண்டு. குளிர்ந்த மண்ணில் உடல் மெதுவாகத்தான் கெடும், உள்ளே வாயு சேர்ந்து உப்பும், அந்த அழுத்தத்தில் கறுஞ்சிவப்பு நீர் வாய் வழியே வரும், தோல் உரிந்தால் அடியில் இருப்பது புதுத்தோல் மாதிரி தெரியும். 1755இல் பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஃபான் ஸ்வீட்டனை இதை விசாரிக்கச் சொல்லி, பிணங்களைத் தோண்டிச் சிதைப்பதற்குத் தடையும் போட்டார். இப்போது நாவலின் நான்காம் அத்தியாயத்தைப் படியுங்கள். பெட்டிக்குள் பிரபு உப்பிப்போய்க் கிடக்கிறான், வாயோரம் இரத்தம் வழிகிறது, வயிறு முட்டக் குடித்த அட்டை மாதிரி இருக்கிறான் என்கிறான் ஹார்க்கர். 1725இல் அதிகாரி கண்ட அதே பிணம்தான் அது, ஸ்டோக்கர் 1897இல் அதற்கு ஒரு கோட்டை கட்டிக் கொடுத்திருக்கிறார்.

வௌவாலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரத்தம் குடிக்கும் வௌவாலைப் பார்த்துத்தான் இந்தப் பேய்க்குப் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். அந்த வௌவால்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இருப்பவை, ஐரோப்பியர்கள்தான் ஏற்கெனவே தெரிந்த பேயின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம்.

காட்டேரி முதலில். அது பலருக்குக் குலதெய்வம். காட்டேரியம்மன் என்று படையல் போடுகிறார்கள், கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களோடு கயானா வரைக்கும் போய் அங்கேயும் கும்பிடப்படுகிற தெய்வம். அஞ்சுவார்கள், சரி, ஆனால் வேண்டிக்கொள்ளவும் செய்வார்கள். டிராகுலாவுக்கு யாரும் பொங்கல் வைப்பதில்லை. ஒருவர் வீட்டுத் தெய்வத்தின் பெயரை எடுத்து நெஞ்சில் முளை அடித்து ஒழிக்க வேண்டிய ஒன்றுக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வழக்கில் நன்றாக ஊன்றிவிட்ட சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இருந்தாலும் நான் பயன்படுத்த மாட்டேன்.

வேதாளம் என்று மொழிபெயர்ப்பதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் கொடுத்தபோது வேதாளத்தை வேம்பயர் என்றே தலைப்பில் போட்டார். ஆனால் முருங்கை மரத்தில் தொங்கும் நம் வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். அது யாரோ ஒருவரின் பிணத்துக்குள் புகுந்துகொண்டது, வீட்டுக்குள் குடிவந்த மாதிரி. கதை சொல்லும், புதிர் போடும், கடைசியில் அரசனுக்கு நல்லதும் செய்யும். வேம்பயர் அப்படியில்லை. அது தன் சொந்தப் பிணம். செத்தவனே எழுந்து வருகிறான்.

பழந்தமிழில் பேய்மகளிர் உண்டு. திருமுருகாற்றுப்படையில் வருகிற பேய்மகளின் நகங்கள் இரத்தத்தில் தோய்ந்தவை, கலிங்கத்துப்பரணிப் பேய்கள் போர்க்களத்தில் கூழே சமைக்கின்றன. ஆனால் அவை தின்பது செத்தவர்களை. வேம்பயருக்கு உயிரோடிருப்பவர் வேண்டும். 'குருதியுறிஞ்சி' என்று ஆக்கலாம்தான், ஆனால் அதைக் கேட்டால் கொசுவும் அட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன.

இந்த நாவலில் பயமே இரத்தத்தில் இல்லை என்று நினைக்கிறேன். நான்காம் அத்தியாயத்தில் பிரபுவை முதல் தடவை பெட்டிக்குள் பார்க்கும்போது, செத்துக் கிடக்கிறானா தூங்குகிறானா என்று ஹார்க்கரால் சொல்ல முடியவில்லை. கண் திறந்திருக்கிறது, ஆனால் செத்த கண் இல்லை. பிறகு, வேம்பயர்களைப் பற்றி அறிந்த பேராசிரியர் வான் ஹெல்சிங் இந்த நிலைக்கு ஒரு சொல் சொல்வார், 'அன்-டெட்', செத்தும் சாகாதது. ஸ்டோக்கர் முதலில் நாவலுக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார். பிரபுவால் வேம்பயராகிவிட்ட லூசியின் கல்லறைக் காட்சி முழுக்க அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது, அவளை நேசித்தவனே முளையை அடிக்க வேண்டியிருப்பது அவள் இன்னும் சாகாததால்தான்.

இதற்கு நடைப்பிணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. வேண்டாம். நடைப்பிணம் நமக்கு மனமொடிந்து வாழ்கிற மனிதன், நம் பக்கத்து வீட்டிலேயே இருப்பான். என் பரிந்துரை 'சாவாப்பிணம்'. செல்லாக்காசு மாதிரி எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் இடிக்காது. செத்தால்தான் பிணம், அதுவே சாவாதது என்றால் காதுக்கு ஒரு நொடி நெருடும், அந்த நெருடல்தான் வேண்டும்.

'சாவா' என்பது எனக்குக் குறளிலிருந்து வந்தது. 'விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று'. விருந்தாளியை வெளியே வைத்துவிட்டுத் தனியாக உண்பது, அது சாவைத் தள்ளும் மருந்தாகவே இருந்தாலும், கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பினால் அந்த இரவுச் சாப்பாடு வேறு மாதிரி தெரிகிறது. வறுத்த கோழி, பாலாடைக்கட்டி, பழைய டோக்காய் ஒயின், எல்லாம் ஹார்க்கருக்கு மட்டும். பிரபு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான், தான் ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது, இரவில் உண்பதில்லை என்கிறான்.