கரண்ட் போனால் அயலைச் சந்தேகிப்போமா?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960 மார்ச்சில் வந்த ‘ட்வைலைட் ஸோன்’ நாடகத் தொடரின் கதை ஒன்றில், ஒரு தெருவில் திடீரென்று கரண்ட் போகிறது, கார்களும் நின்றுவிடுகின்றன. ஒரு வீட்டுக் கார் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகிறது. உடனே அந்த வீட்டுக்காரரை வேற்றுக்கிரகத்தவராக்கிவிடுகிறது அயல். இரவுக்குள் ஒருவரைச் சுட்டும் கொன்றுவிடுகிறார்கள். இப்படி நடக்குமா?

வெறும் இருட்டால் நடக்காது. 1990களில் யுத்தத்தால் யாழ்ப்பாணம் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தது. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், பெரியவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள். விளக்கெரியாததற்காகப் பக்கத்து வீட்டாரோடு யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஏன் கரண்ட் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற உளவியலாளர்கள் 1947இல் சொன்னதும் இதைத்தான்: வதந்தி பரவ, விஷயம் முக்கியமானதாகவும் இருக்க வேண்டும், தெளிவில்லாமலும் இருக்க வேண்டும். இது பெருக்கல் கணக்கு. ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம், அதாவது உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள், என்ற பேச்சு இலங்கையெங்கும் பரவியபோது இரண்டுமே நிறைய இருந்தன. இரவில் பெண்கள் தாக்கப்படுகிறார்கள் என்றார்கள். யார், எதற்கு என்று கேட்டால் நம்பும்படி ஒரு பதிலும் வரவில்லை. அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

சரி, பயந்த சனம் எப்படிக் கூட்டமாகிறது? சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் ஒரு கணக்குப் போட்டார். ஓர் ஒழுங்கையில் 100 பேர் என்று வையுங்கள். ஒருவர் யாரையும் பாராமல் பொல்லோடு இறங்குவார். அடுத்தவர், ஒருவர் இறங்கியிருந்தால் இறங்குவார். மூன்றாமவருக்கு இருவர் வேண்டும். இப்படியே போய், கடைசி ஆளுக்கு 99 பேர் வேண்டும். முதலாமவர் படலையைத் திறந்தால் போதும், முழு ஒழுங்கையும் தெருவில் நிற்கும். இப்போது அந்த இரண்டாமவரை மட்டும் மாற்றி, இருவர் இறங்கினால்தான் வருவேன் என்கிற ஒருவரை வையுங்கள். முதலாமவர் தனியே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். மற்ற 99 பேரும் அதே ஆட்கள்தான். நாடகத்தில் கூட்டம் ஒவ்வொருவராகத் திரள்வது இதனால்தான் எனக்கு நிஜமாகப் படுகிறது.

ஆனால் அந்த நாடகக் கூட்டம் போன திசையை நம்ப முடியவில்லை. கிறீஸ் பூதப் பயத்தின்போது யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் சனம் அயல் வீட்டின்மேல் பாயவில்லை. சந்தேகத்துக்குரியவர்கள் ஓடி ஒளிந்ததாகச் சொல்லப்பட்ட இராணுவ முகாமின் முன்னால் அயலெல்லாம் சேர்ந்து நின்றது. அன்றிரவே ஆண்கள் பலர் படையினரால் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதே நாட்களில் புத்தளத்தில் கூட்டத்தின் கையில் இறந்தவர் ஒரு பொலிஸ்காரர். யாரிடம் கேட்டால் உண்மை கிடைக்காது என்று சனம் நினைத்ததோ, அவர்கள் பக்கமே கோபமும் போனது.