கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கிளட்ச் வேலையில் பெரும்பாலான உழைப்பு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதிலேயே போய்விடும். அதனால் ஒருமுறை இறக்கிவிட்டால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடித்துவிட்டு, அது கத்தத் தொடங்கியதும் அதே வேலையை மறுபடி செய்பவர்கள் ஏராளம்.

முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்த பிறகே ஆக்ஸிலை உருவ வேண்டும். கியர்பாக்ஸ் மவுண்ட்டைக் கழற்றினால் இன்ஜின் சாயும். முன்கூட்டியே முட்டுக் கொடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதரையில், உறுதியான ஸ்டாண்டுகள் மேல் வண்டி நிற்க வேண்டும். கியர்பாக்ஸைத் தனியாளாக இறக்க முயலாதீர்கள்.

உள்ளே படிந்திருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

அடுத்து ஃபிளைவீல், அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுழலும், பிளேட் அழுந்தி நிற்கும் கனமான சக்கரம். நீலம் பாரித்த திட்டுகளோ விரிசலோ இருந்தால் பட்டறையில் காட்டாமல் மேலே போகாதீர்கள். அதன் பின்னால் கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீல் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சொட்டு ஆயில் பட்டாலும் புதுப் பிளேட் வழுக்கும், உதறும். புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் படலத்தையும் துடைத்தெடுக்க வேண்டும். ஆயில் படிந்த கையால் பிளேட்டின் முகத்தைத் தொடவே வேண்டாம்.

பிளேட்டில் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கும். திருப்பிப் போட்டால் பெடலை மிதித்தாலும் கிளட்ச் விடாது (இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் பிரியாது), கியர் விழாது; எல்லாவற்றையும் மறுபடி இறக்கவேண்டியதுதான். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனில் (நீளவாட்டில் உள்ள பற்களில்) பிளேட்டை ஒருமுறை நுழைத்து, தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள். அங்கே கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். அதிகமானால் சுழலும்போது தெறித்துப் பிளேட்டில் விழும். ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவக் கூடாது. உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

அலைன்மென்ட் கருவியால் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலிலேயே முழுதாக இறுக்கினால் அதன் உடல் வளையும். கடைசி இறுக்கம், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில், அந்த மாடலின் மேனுவலில் உள்ள அளவுக்கு.

அதிகம் கெடுவது கியர்பாக்ஸை ஏற்றும்போதுதான். ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்த நிலையில் கியர்பாக்ஸைத் தொங்கவிட்டால், அதன் எடை முழுதும் பிளேட்டின் நடுப்பகுதியில் இறங்கி அதை வளைத்துவிடும். பிறகு கிளட்ச் சரியாக விடாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மூடவில்லை என்றால் போல்ட்டால் இழுத்து மூட முயலாதீர்கள், போல்ட் நுழையும் அலுமினியக் காது உடையும். ஷாஃப்ட்டைச் சற்றே சுழற்றினால் ஸ்ப்லைன் பொருந்தி, கியர்பாக்ஸ் கையாலேயே வந்து உட்காரும்.

கியர் ஆயிலை மறக்காமல் நிரப்புங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் கியர்பாக்ஸே போய்விடும். கேபிள் கிளட்ச்சானால் பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை) மேனுவல் அளவுக்கு வையுங்கள். ஃப்ரீ பிளேயே இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் அழுந்தி, பிளேட் சீக்கிரம் தேயும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் அதன் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால், கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் முன் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.