படம் வந்துவிட்டது, டேட்டா சரியா?

புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியில் வரைபடம் போட வரவில்லை என்று உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வரைபடம் போடத் தெரியும். படம் வரையும் ஜிஜிபிளாட் கட்டளையை எங்கிருந்தாவது எடுத்து, நெடுவரிசைகளின் பெயரை மட்டும் மாற்றி, ஓட்டியும் பார்த்திருப்பார்கள். சிக்கல் அதற்கு இரண்டு படி முன்னால், அவர்கள் கையில் கிடைத்த எக்செல் ஃபைலிலேயே இருக்கும். ஆய்வு மாணவர்களுக்கும் அலுவலகங்களுக்கும் புள்ளியியல் வேலை செய்து கொடுக்கும் எனக்கு, நேரத்தில் பாதிக்கு மேல் போவது இந்த ஃபைல்களைத் துடைத்துச் சரிசெய்வதில்தான்.

ஆர் பிழை சொல்லி நின்றுவிட்டால் கவலை இல்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் யாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல், நல்ல நிறத்தில், தப்பான படத்தை வரைந்து கொடுக்கிறதே, அதுதான் ஆபத்து. மழையளவு டேட்டாவை வைத்து இதைச் சொல்கிறேன். என்னிடம் அதிகம் வருவது அதுதான். எல்லாக் கோளாறும் ஒரே ஃபைலில் சேர்ந்து கிடைப்பதும் அதில்தான்.

ஆரில் ஒரு நெடுவரிசைக்கு ஒரே வகைதான். முந்நூறு எண்களுக்கு நடுவில் ஒரு செல்லில் யாரோ ‘தூறல்’ என்றோ, 12.4 பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோ போட்டிருந்தால் போதும், முந்நூறும் எழுத்தாகிவிடும். அதை அப்படியே வரையக் கொடுத்தால் அச்சில் 10, 100, 2, 25 என்று அகராதி வரிசையில் மதிப்புகள் அடுக்கி நிற்கும். கோட்டு வரைபடம் கேட்டால் கோடு வராது. ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது, குரூப்பை மாற்ற வேண்டுமா என்று ஒரு செய்தி மட்டும் வரும். இணையத்தில் தேடினால் குரூப் = 1 என்று போடச் சொல்லிப் பதில் கிடைக்கும். போட்டதும் கோடு வந்துவிடும். ஆனால் அச்சு இன்னும் அகராதி வரிசையில்தான் இருக்கிறது! அந்தக் கோட்டின் வளைவு நெளிவுகளைப் பருவமழையின் ஏற்ற இறக்கம் என்று விளக்கி, ஒரு பத்தி முழுக்க எழுதி வைத்த ஆய்வேட்டையும் பார்த்திருக்கிறேன்.

சரி, எழுத்தை எண்ணாக மாற்றிவிடலாம் என்று ஆஸ்.நியூமெரிக் போடுகிறார்கள். இங்கே இன்னொரு குழி. நம் ஊர் அட்டவணைகளில் ஆயிரத்தைத் தாண்டிய எண்களுக்குக் காற்புள்ளி உண்டு: 1,124 என்றோ, லட்சம் என்றால் 1,25,000 என்றோ. ஆஸ்.நியூமெரிக்குக்குக் காற்புள்ளி புரியாது, அந்த எண்ணையே என்ஏ, அதாவது ‘மதிப்பு இல்லை’ என்று ஆக்கிவிடும். காற்புள்ளி இருப்பது பெரிய எண்களில் மட்டும்தான் என்பதால், காணாமல் போவதும் பெரிய எண்கள் மட்டும்தான். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழையே ஆயிரம் மில்லிமீட்டரைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகள் எல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்து, சுமாரான ஆண்டுகள் மட்டும் படத்தில் நிற்கும். மாநிலம் வறண்டுகொண்டே போகிறது என்று முடிவு கட்ட அந்த ஒரு படம் போதும். மாற்றும்போது என்ஏ உருவாகிறது என்று ஓர் எச்சரிக்கையும், வரையும்போது இத்தனை வரிசைகளை நீக்கிவிட்டேன் என்று இன்னொன்றும் வந்திருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. சிலர் எச்சரிக்கையே வராதபடி அடக்கி வைக்கும் கட்டளையைப் பழக்கமாகப் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி கொஞ்சம் மந்தமானது, ஆனால் ஏமாற்றாது. ஃபைலைப் படிக்கும்போதே எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகவே படிக்கச் சொல்லிவிடுவேன். ஆர் தானாக வகையை ஊகிக்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு நெடுவரிசையாக எண்ணாக மாற்றி, மாற்றத்தில் எவையெல்லாம் என்ஏ ஆயின, அவற்றின் பழைய எழுத்து வடிவம் என்ன என்று தனியாகப் பட்டியல் எடுப்பேன். திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் காட்டும் யூனீக் கட்டளை ஒன்று போதும். பத்தாயிரம் வரிசை உள்ள ஃபைலிலும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு உருப்படிகளுக்குள் அடங்கிவிடும்: ஒரு கோடு, ஒரு ‘நில்’, ஒரு நட்சத்திரம், காற்புள்ளி எண்கள், பூஜ்யத்துக்குப் பதில் தட்டிய ஆங்கில ஓ எழுத்து. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று முடிவெடுத்து, அதை ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை எழுதி வைக்கும் ஃபைலில், ஒரு வரியாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

பழைய ஸ்கிரிப்டுகளை நகலெடுத்து ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் வெளிவந்த ஆர் 4.0.0 பதிப்புக்கு முன்பு, ஃபைலைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி கட்டளை எழுத்து நெடுவரிசைகளைத் தானாகவே ஃபேக்டர் ஆக்கிவிடும், அதாவது ஒவ்வொரு தனி மதிப்புக்கும் உள்ளுக்குள் ஒரு வரிசை எண் கொடுத்துவிடும். ஃபேக்டர் மீது நேரடியாக ஆஸ்.நியூமெரிக் போட்டால் கிடைப்பது மழையளவு கிடையாது, 1, 2, 3 என்ற உள்வரிசை எண்கள். எச்சரிக்கை எதுவும் வராது. முதலில் ஆஸ்.கேரக்டர், அப்புறம் ஆஸ்.நியூமெரிக் என்று இரண்டு படியாகத்தான் போக வேண்டும். இன்றைக்கும் ஃபேக்டராகவே படி என்று வெளிப்படையாகச் சொல்லும் பழைய வரிகள் பல ஆய்வுக்கூடங்களில் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து, இல்லாத மதிப்புக்குப் போடும் குறியீடுகள். இந்திய வானிலை ஆய்வுத் துறை நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் மழை டேட்டாவில், பதிவு இல்லாத இடத்தில் -999 இருக்கும். வெப்பநிலை டேட்டாவில் 99.9. நாள்வாரியாக வரைந்தால் இவை கண்ணில் பட்டுவிடும், கோடு பாதாளத்துக்கோ உச்சிக்கோ போய்த் திரும்பும். மாதச் சராசரி எடுத்துவிட்டு வரைந்தால்தான் வம்பு. 30 டிகிரி ஓடும் ஒரு மாதத்தில் ஒரே ஒரு நாள் 99.9 என்று இருந்தால், மாதச் சராசரி இரண்டு டிகிரிக்கு மேல் கூடிவிடும். இரண்டு டிகிரி என்பது நம்பக்கூடிய எண். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குறியீடுகளை என்ஏ ஆக்கிவிட்டுத்தான் சராசரிப் பக்கமே போக வேண்டும். அப்போதும் என்ஏக்களை விட்டுவிட்டுக் கணக்கிடு என்னும் என்ஏ.ஆர்எம் = ட்ரூ என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்; ஒரு மாதத்தில் எத்தனை நாள் பதிவு இருந்தது என்பதையும் பக்கத்தில் எண்ணி வையுங்கள். நான்கு நாள் டேட்டாவில் வந்த நவம்பர் சராசரியும் முப்பது நாளில் வந்ததும் படத்தில் ஒரே அளவு புள்ளிதான்.

தேதிதான் இருப்பதிலேயே மோசம். 03/04/2023 என்பதை வடிவம் சொல்லாமல், எழுத்தைத் தேதியாக்கும் ஆஸ்.டேட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். மறுக்காது. ஆண்டு 3, ஏப்ரல் 20 என்று திருப்பித் தரும், கிறிஸ்து காலத்து மழை! அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் நம் ஃபைலைத் திறந்து சேமித்தால் வருவது அதைவிடக் கெட்டது. மாதத்தின் முதல் பன்னிரண்டு தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். நவம்பர் 5 மே 11 ஆகும். 13 முதல் உள்ள தேதிகள் மாற இடமில்லாமல் வெறும் எழுத்தாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை கோடை மாதங்களில் சிதறிக் கிடப்பதைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சில சமயம் தேதிக்குப் பதில் 42340 போன்ற எண் வரும். எக்செலின் நாள் எண்ணிக்கை அது. ஆரில் அதை மாற்றும்போது தொடக்க நாளாக 1899 டிசம்பர் 30 என்று கொடுக்க வேண்டும். 1900 ஜனவரி 1 என்று கொடுத்தால் இரண்டு நாள் தள்ளிப்போகும். ஒரு நாள், எக்செல் ஜனவரி 1ஐயே 1 என்று எண்ணத் தொடங்குவதால்; இன்னொரு நாள், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய அட்டவணை மென்பொருள் காலத்திலிருந்து வந்த ஒரு பிழையால் எக்செல் 1900ஐ லீப் ஆண்டாகக் கணக்கிடும் கூத்தின் மிச்சம். சரியாக மாற்றினால் 42340 என்பது 2015 டிசம்பர் 2.

அந்தத் தேதியை வேண்டுமென்றே எடுத்தேன், சென்னைப் பெருவெள்ளத்தின் நாள் அது. அன்றைய பதிவில் தாம்பரத்துக்கு 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்துக்கு 47. நம் வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்து மழை, அது முடிகிற தேதியின் பெயரில்தான் பதிவாகும். டிசம்பர் 2 என்று எழுதியிருக்கும் மழையில் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று பெய்தது. இதை அறியாமல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரின் அளவையும் மழையளவையும் ஒரே படத்தில் தேதிப்படி போட்டால், டிசம்பர் 1 அன்றே ஏரியைத் திறந்துவிட்டார்கள், மழை மறுநாள்தான் வந்தது என்று தெரியும். எத்தனை வாதம் நடந்த விஷயம் அது என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடிவத்தில் எந்தத் தவறும் இல்லாத டேட்டா கூட இப்படி ஏமாற்றும்.

அலகும் இங்கேயே வருகிறது. செய்திக் குறிப்புகளில் சென்டிமீட்டர், அட்டவணைகளில் மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் ஒட்டினால், தாம்பரத்தின் 490 வெறும் 49 ஆகி, ஒரு சாதாரண மழைநாளாகப் படத்தில் மறைந்துவிடும். வழக்கத்தை மீறிய பெரிய எண்ணைத் தேட எல்லோருக்கும் தெரியும். பெரிதாக இருக்க வேண்டிய நாளில் சிறிதாக இருக்கும் எண்ணைத் தேடுபவர்கள் குறைவு.

ஊர்ப் பெயர்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சி, திருச்சிராப்பள்ளி, ஆங்கிலத்தில் தூத்துக்குடியும் டூட்டிகொரினும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியும் தனி ஊராகும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதென்றால் அது சாதாரண இடைவெளியாக இல்லாமல் இருக்கலாம், ஆரின் வழக்கமான இடைவெளி நீக்கும் கட்டளைக்கு அது மசியாது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்கள் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாவட்டவாரி டேட்டா என்றால் 2019ஐத் தனியாகக் கவனியுங்கள்: அந்த ஆண்டு விழுப்புரம், திருநெல்வேலி, வேலூர், காஞ்சிபுரம் பிரிந்தன. சாகுபடிப் பரப்பு போன்றவற்றை வரைந்தால் அந்த மாவட்டங்களின் கோடு அங்கே திடீரென்று விழும், விவசாயத்துக்கு எதுவும் ஆகியிருக்காது.

மாதங்களை நெடுவரிசைகளாகப் பரப்பிய அட்டவணையை பிவட்_லாங்கர் கொண்டு நீளவாக்கில் மாற்றும்போது இரண்டைப் பாருங்கள். கடைசியில் இருக்கும் ‘மொத்தம்’ பதின்மூன்றாவது மாதமாக உள்ளே வந்துவிடக் கூடாது. மாதப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தால் அகராதி வரிசையில் ஏப்ரல் முதலில் நிற்கும். நிதியாண்டுக் கணக்கில் பழகிய கண்ணுக்கு அது சரியாகவே தோன்றித் தொலைக்கும், அடுத்து ஆகஸ்ட் வருவதைப் பார்க்கும் வரை. வரிசையைச் சரிசெய்ய ஆரில் தயாராக இருக்கும் மூன்றெழுத்து மாதப் பட்டியலைப் பயன்படுத்தலாம். ஆனால் நம் அட்டவணைகளில் செப்டம்பரை நான்கு எழுத்தில் சுருக்கும் வழக்கம் உண்டு. பட்டியலில் அது இல்லாததால் செப்டம்பர் மட்டும் என்ஏ ஆகிவிடும்.

இதையெல்லாம் எக்செலிலேயே கையால் திருத்திவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். எக்செலில் திறந்து சேமிப்பதே டேட்டாவை மாற்றும் செயல். மார்ச்1, செப்ட்2 என்று பெயரிட்ட மரபணுக்களை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த மரபணுக்களின் அதிகாரபூர்வப் பெயரையே மாற்றினார்கள். தவிர, கையால் திருத்தியதற்குத் தடயம் இருக்காது. அடுத்த மாதம் அதே அலுவலகம் புதிய ஃபைல் அனுப்பும்போது எல்லாவற்றையும் நினைவிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். வந்த ஃபைலைத் தொடாமல் ஒரு ஃபோல்டரில் வையுங்கள், திருத்தம் முழுவதும் ஸ்கிரிப்டில் இருக்கட்டும்.

ஸ்கிரிப்டால் தீராத ஒன்று உண்டு, அந்தச் சின்னக் கோடு. ஓர் அலுவலகத்தில் அதற்கு அன்று மழை இல்லை என்று பொருள், இன்னொன்றில் அன்று அளவெடுக்கவில்லை என்று பொருள். முதலாவது என்றால் பூஜ்யம், இரண்டாவது என்றால் என்ஏ. ஃபைலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. டேட்டா கொடுத்தவருக்கு ஃபோன் போட்டு, கோட்டுக்கு என்ன பொருள், எந்த அலகு, தேதி எந்த மணியோடு முடிகிறது என்று கேட்டுவிடுங்கள். யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதை அந்தத் திருத்த வரிக்கு மேலேயே ஒரு குறிப்பாக எழுதியும் வையுங்கள்.