டாக்: எண்ணிம-ஒப்புமை மாற்றி

ஹெட்ஃபோனில் நல்ல ஒலி வேண்டும் என்று தேடத் தொடங்கினால் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் டாக். "போனில் நேரடியாகக் கேட்காதீர்கள், முதலில் ஒரு டாக் வாங்குங்கள்" என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். அந்தச் சொல்லின் பொருள் சரியாகப் பிடிபட்டுவிட்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதில் பாதி தெளிந்துவிடும். அதற்காகவே இந்த விளக்கம்.

டாக் ஒரு சுருக்கப்பெயர். டிஜிட்டல்-டு-அனலாக் கன்வர்ட்டர் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து டிஏசி ஆகி, அதையே ஒரு சொல்லாக உச்சரித்து டாக் ஆயிற்று.

டிஜிட்டல் என்பதன் வேர், விரலைக் குறிக்கும் டிஜிட்டஸ் என்ற லத்தீன் சொல். விரல்விட்டு எண்ணும்போது மூன்று வரும், நான்கு வரும்; இரண்டுக்கும் நடுவே எதுவும் வராது. டிஜிட்டல் என்பதன் சாரமே அதுதான். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டை எடுத்துக்கொள்வோம். அதில் நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் −32,768 முதல் 32,767 வரையுள்ள ஏதோ ஒரு முழு எண்ணாகப் பதிவாகிறது. இடக்காதுக்கு ஒரு வரிசை, வலக்காதுக்கு ஒரு வரிசை. தகட்டில் இருக்கும் பாட்டு என்பது இந்த எண்கள்தான்.

அனலாக் கிரேக்கத்திலிருந்து வந்தது. அனலோகோஸ் என்றால் விகிதத்துக்கு ஒத்து அமைந்தது என்று பொருள். பாதரச வெப்பமானியில் சூடு ஏற ஏறப் பாதரசமும் அதே விகிதத்தில் ஏறுகிறதே, அது அனலாக். மைக்கின் முன் ஒருவர் பாடும்போது காற்றழுத்தம் கூடக் கூட மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தமும் கூடுகிறது, குறையக் குறையக் குறைகிறது. அந்த மின்னழுத்தம் காற்றின் அசைவுக்கு ஒப்பானது. ஹெட்ஃபோனுக்குப் புரிவதும் இந்த மொழிதான். எண்களை அதற்குள் அனுப்ப முடியாது; ஏறி இறங்கும் மின்னழுத்தம் வந்தால்தான் அதன் சவ்வு அசையும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? டிஜிட்டலுக்கு எண்ணிமம், எண்முறை என்ற சொற்கள் புழங்குகின்றன. இலங்கையில் இலக்கமுறை என்று எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் மின்னிலக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. இவற்றில் எதையும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் இந்தக் கருவியின் பெயருக்கு மின்னிலக்கம் அவ்வளவாக உதவவில்லை என்பது என் கருத்து. டாக்கின் உள்ளே போவதும் மின்சாரம்தான், வெளியே வருவதும் மின்சாரம்தான். 'மின்' என்ற முன்னொட்டு இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. டிஜிட்டலுக்கு மின்னணு என்று எழுதுகிற பழக்கத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. அனலாக் கருவிகளும் மின்னணுக் கருவிகள்தானே.

அனலாக்குக்குத் தொடர்முறை என்று ஒரு சாராரும் ஒப்புமை என்று இன்னொரு சாராரும் எழுதுகிறார்கள். தொடர்முறை என்பது அலை இடைவெளியின்றி ஓடுவதைச் சொல்கிறது. ஒப்புமை என்பது அந்த அலை எதற்கு ஒப்பாக இருக்கிறது என்ற கேள்வியையும் உள்ளே வைத்திருக்கிறது. மூலச் சொல்லின் பொருளுக்கு நெருங்கி நிற்பதும் ஒப்புமைதான். எண்-அலை மாற்றி என்று சுருக்கமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். சொல்லவும் எளிது. ஆனால் இதன் எதிர்வேலையைச் செய்யும் கருவிக்கு அலை-எண் மாற்றி என்று பெயர் வைக்க வேண்டிவரும். அலையெண் என்ற சொல்லோ அதிர்வெண் என்ற பொருளில் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அலை-எண் மாற்றி என்றால் அதிர்வெண்ணை மாற்றும் ஏதோ கருவி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே, எழுத்தில் எண்ணிம-ஒப்புமை மாற்றி, பேச்சில் டாக் என்று வைத்துக்கொள்வது நல்லது. கீழேயும் அப்படியே டாக் என்று எழுதுகிறேன்.

இந்த மாற்றி செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 32,767 என்ற எண்ணுக்கு 2 வோல்ட் தரும்படி ஒரு டாக் அமைக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். 16,384 வந்தால் அது ஏறத்தாழ 1 வோல்ட் தர வேண்டும். 0 வந்தால் 0. −16,384 வந்தால் −1 வோல்ட். அவ்வளவுதான் வேலை. அப்படியானால் வெளியே வரும் அலை படிக்கட்டுப் போல இருக்குமா? விளம்பரப் படங்களில் அப்படித்தான் வரைகிறார்கள். ஆனால் எந்த ஒழுங்கான டாக்கிலும் ஒரு வடிகட்டி உண்டு. அது படிகளை நீக்கி, அளவெடுத்த புள்ளிகள் அனைத்தின் ஊடாகவும் செல்லும் வழவழப்பான அலையைத் தருகிறது. அளவெடுக்கும் வேகத்தில் பாதிக்கும் குறைவான அதிர்வெண்கள் எல்லாவற்றையும் இப்படி முழுமையாக மீட்டுவிடலாம் என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-இல் வெளியான கட்டுரையில் நிறுவிக் காட்டினார். 44,100-இல் பாதி 22,050. மனிதக் காதின் மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். கணக்கு சரியாக இருக்கிறது.

ஆக, நல்ல டாக் என்பது எண்ணுக்கு ஒத்த மின்னழுத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் தருவது. டாக்குக்கென்று தனிச் சுவை இருக்கக் கூடாது. 'இனிமையான டாக்', 'கதகதப்பான டாக்' என்றெல்லாம் படிக்கும்போது, ஒப்புமை என்ற சொல்லை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது உதவும்.

இந்தத் துல்லியம் இன்று மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய முறையில் மின்தடைகளை ஏணி போல அடுக்கி, எண்ணின் ஒவ்வொரு பிட்டுக்கும் (0 அல்லது 1 என்ற இரும இலக்கம்) ஒரு படி வைப்பார்கள். 16 பிட் என்றால் 65,536 அளவுகள்; மேல்படியில் இருக்கும் மின்தடை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிசகினாலே கீழ்ப்படிகளின் நுணுக்கம் கெடத் தொடங்கும். அவ்வளவு துல்லியமான மின்தடைக்கு விலை அதிகம். 1962-இல் ஜப்பானில் இனோசே, யசுதா ஆகியோர் வெளியிட்ட டெல்டா-சிக்மா முறை வேறு வழியில் போகிறது. கணக்கில் டெல்டா வேறுபாட்டையும் சிக்மா கூட்டுத்தொகையையும் குறிக்கும். பெயரே செயல்முறையைச் சொல்லிவிடுகிறது. சில அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மிக வேகமாக மாறி மாறி வெளியிட்டு, ஒவ்வொரு முறையும் நேர்ந்த பிழையைக் கூட்டி வைத்து அடுத்த முறை சரிசெய்கிறது. மிச்சமிருக்கும் இரைச்சல் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளப்பட்டு அங்கே வடிகட்டப்படுகிறது. துல்லியமான மின்தடைக்குப் பதில் வேகம். வேகம் சிலிக்கானில் மலிவு. நகத்தளவு சில்லே குறுந்தகட்டுத் தரத்தைத் தாண்டுவது இதனால்தான்.

உங்களிடம் டாக் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலி எழுப்பும் எந்த போனிலும் கணினியிலும் அது இல்லாமல் முடியாது. 2016-இல் ஐஃபோன் 7 ஹெட்ஃபோன் துளையைக் கைவிட்டபோது, கூடவே வந்த சிறு இணைப்பு வடத்துக்குள் ஒரு டாக் ஒளிந்திருந்தது. யூஎஸ்பி-சி முனையில் செருகும் குட்டி வடங்களும் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் எல்லாம் அல்ல. போனுக்குள்ளேயே உள்ள டாக்கின் ஒலியை வெளியே கொண்டுவரும் வெறும் கம்பி வடங்களும் பார்வைக்கு அச்சாக அதேபோல் இருக்கும். அந்த வசதி இல்லாத போனில் அவை வேலை செய்யா. வாங்கும் முன் உள்ளே டாக் உண்டா என்று விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தனியாக ஒன்று எதற்கு? கணினியின் துளையில் செருகினால் பாட்டில்லாத நேரத்திலும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கிறது, மவுஸை நகர்த்தினால் கீச்சிடுகிறது என்றால், தனி டாக் உண்மையிலேயே உதவும். துளையே இல்லாத போனுக்கும் வேண்டும். மூன்றாவது காரணம் ஒலி போதவில்லை என்பது. இங்கேதான் சொல் நம்மைத் தடம் மாற்றுகிறது. ஒலி போதாதது மாற்றியின் குறையல்ல. அதற்கு அடுத்து நின்று மின்னழுத்தத்தைக் கூட்டும் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையர்) குறை. கடைகளில் டாக் என்ற பெயரில் விற்கும் ஹெட்ஃபோன் கருவிகளில் பெரும்பாலானவற்றில் மாற்றியும் பெருக்கியும் சேர்ந்தே இருக்கின்றன. பெயர் ஒன்றைச் சொல்கிறது. நீங்கள் வேறுபாட்டைக் கேட்பதோ பெரும்பாலும் மற்றொன்றால். ஆகவே பெருக்கியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கு எளிதுதான். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி ஓமில் சொல்லப்படும் ஹெட்ஃபோனின் மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். சிறு வடம் ஒன்று 1 வோல்ட் தருகிறது என்று வைப்போம். 32 ஓம் ஹெட்ஃபோனில் அது 31 மில்லிவாட். 300 ஓம் ஹெட்ஃபோனில் வெறும் 3.3 மில்லிவாட். அந்த 300 ஓம் ஹெட்ஃபோன் ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரக்கூடியது என்றால், 3.3 மில்லிவாட்டில் 105 டெசிபல் உச்சம் வரும். பெரும்பாலான பாட்டுக்கு அது போதும். ஒலி ஏற்ற இறக்கம் மிகுந்த இசைக்கும், தாழ்வாகப் பதிவான பழைய பாட்டுகளுக்கும் இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது. 2 வோல்ட் கிடைத்தால் மேலும் 6 டெசிபல் வரும். 4.4 மி.மீ. முனையில் வழக்கமான முனையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மின்னழுத்தம் கிடைக்கும்; அந்த முனை உள்ள கருவிகள் பெரும்பாலும் இந்த இரட்டிப்புக்காகவே வாங்கப்படுகின்றன; உங்கள் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட்டே போதுமென்றால் அந்த முனைக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

காதுக்குள் செருகும் இயர்ஃபோன் என்றால் சிக்கல் நேரெதிர். அங்கே திறன் தேவையில்லை, அமைதி தேவை. சிறிய இரைச்சல்கூடக் கேட்டுவிடும். டாக்கின் வெளியீட்டு மின்மறுப்பும், அதாவது ஒலி வெளிவரும் முனையில் இருக்கும் மின்தடையும், குறைவாக இருக்க வேண்டும். ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை விதி. 16 ஓம் இயர்ஃபோனுக்கு 2 ஓம். இதை மீறினால், பல ஒலிப்பான்கள் கொண்ட இயர்ஃபோன்களில் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மின்மறுப்பு மாறுவதால் ஒலியின் நிறமே மாறிவிடும். டாக் மாற்றியதும் ஒலி மாறியது என்று சிலர் உறுதியாகச் சொல்வதில் இப்படிப்பட்ட உண்மையும் உண்டு. ஒலியளவு சமமாக இல்லாமல் ஒப்பிட்டதால் வரும் மயக்கமும் உண்டு. கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் மேலாகவே தோன்றும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்கு வையுங்கள்.

பெட்டியின் மேலுள்ள எண்களுக்கு மயங்க வேண்டாம். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் (அளவெடுக்கும் வேகம், நொடிக்கு 7,68,000 முறை) என்று போட்டிருக்கும். மிகச் சிறந்த டாக்குகளின் உண்மையான நுணுக்கமே 20, 21 பிட்டுகளோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே மின்சுற்றின் இயற்கையான இரைச்சல்தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் தாராளம். எம்க்யூஏ என்ற ஒலிச்சுருக்க முறையின் முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதை உருவாக்கிய நிறுவனம் 2023-இல் நொடித்து, கைமாறியது. உள்ளே எந்த நிறுவனத்தின் சில்லு என்பதும் அவ்வளவு முக்கியமில்லை. அதே சில்லை வைத்து நன்றாகவும் செய்யலாம், மோசமாகவும் செய்யலாம்.

எல்டாக் என்ற பெயரைப் பார்த்து அதுவும் ஒரு டாக் என்று நினைப்பவர்கள் உண்டு. அது புளூடூத் வழியாக ஒலியைச் சுருக்கி அனுப்ப சோனி உருவாக்கிய முறை. எண்களை எண்களாகவே அனுப்புகிறது. புளூடூத் ஹெட்ஃபோனில் மாற்றம் நடப்பது ஹெட்ஃபோனுக்குள்ளேயே. அதற்காகத் தனி டாக் வாங்கினால் அது வெறுமனே மேசையில் கிடக்கும்.

அப்புறம், ஹெட்ஃபோனிலேயே மைக் இருந்து, அழைப்புகளுக்கும் அதைப் பயன்படுத்துவதாக இருந்தால், எதிர்த்திசை மாற்றியும் வேண்டும்: குரலின் மின்னழுத்தத்தை எண்களாக்கும் ஒப்புமை-எண்ணிம மாற்றி. சிறு வடங்கள் பலவற்றில் இரண்டும் உண்டு. மேசைமேல் வைக்கும் பெரிய டாக்குகளில் பெரும்பாலும் அது இருக்காது. 3.5 மி.மீ. முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் உங்கள் ஹெட்ஃபோனுக்கு மைக் இணைப்பு உண்டென்று பொருள். அப்போது விவரக் குறிப்பில் மைக் வசதியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.